கோசி நதி எங்கே ஓடும்? 250 வருட வரைபடங்கள் சொல்லும் பதில் | விளக்கம்

ஸ்கூல் சமூக அறிவியல் பரீட்சையில் ஒரு மார்க் கேள்வி ஒன்று அடிக்கடி வரும்: 'பீகாரின் துயரம் என்று அழைக்கப்படும் ஆறு எது?' 'கோசி' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். ஏன் துயரம், யாருக்குத் துயரம் என்று யாரும் கேட்டதில்லை.

2024 செப்டம்பர் கடைசியில் அந்தக் கேள்வி மறுபடி வந்தது. நேபாளத்தில் கொட்டிய மழையால், இந்திய-நேபாள எல்லையில் இருக்கும் கோசி கதவணையிலிருந்து விநாடிக்கு 6.61 லட்சம் கன அடி தண்ணீர் வெளியேறியது. 56 ஆண்டுகளில் இதுதான் அதிகம். மேட்டூரில் 2 லட்சம் கன அடி திறந்தாலே காவிரிக் கரை முழுக்க நமக்கு வெள்ள எச்சரிக்கைதான். அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! தர்பங்கா மாவட்டத்தில் கரை உடைந்து ஊர்களுக்குள் ஆறு புகுந்தது.

அதே நேரத்தில் இந்த ஆற்றை மையமாக வைத்து இரண்டு பெரிய வேலைகள் நடக்கின்றன. ஒன்று, 2024 ஆகஸ்டில் பீகார் முழுக்க விரிவுபடுத்தப்பட்ட சிறப்பு நில அளவை. இன்னொன்று, 2025 மார்ச் 28-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 6,282 கோடி ரூபாய் கோசி-மேச்சி இணைப்புத் திட்டம்.

இரண்டுக்கும் அடிப்படை ஒரே கேள்விதான்: கோசி ஆறு எங்கே ஓடுகிறது? கேட்க ரொம்ப ஈஸியான கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் 250 ஆண்டுகளாக வரைபடம் போட்டவர்கள் ஒவ்வொருவரும் இதற்கு வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். விரிவாகப் பார்க்கலாம்.

கோசி என்ன மாதிரி ஆறு?

திபெத், நேபாளம் வழியாக வரும் பல ஆறுகள் சேர்ந்ததுதான் கோசி. அதில் சுன் கோசி, அருண், தமூர் ஆகிய மூன்றும் முக்கியமானவை. எவரெஸ்ட் சிகரத்தின் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் கடைசியில் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. சத்ரா என்ற இடத்தில் மலைப் பள்ளத்தாக்கை விட்டு வெளியே வரும் கோசி, அங்கிருந்து சமவெளியில் இறங்கி, பீகாரில் குர்சேலா அருகே கங்கையில் கலக்கிறது.

இமயமலையிலிருந்து ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுவரவில்லை. மணலும் வண்டலும் டன் கணக்கில் சேர்ந்து வருகிறது. மலையில் வேகமாக ஓடிய ஆறு, சமவெளிக்கு வந்ததும் வேகம் குறைந்து அந்தச் சுமையைக் கீழே போடுகிறது. போடப் போட ஆற்றின் அடிப்பகுதி உயர்கிறது. பக்கத்து நிலத்தைவிட ஆறு மேடாகிவிட்டால் என்ன செய்யும்? பள்ளமான பக்கம் தாவிவிடும். கொஞ்ச காலம் கழித்து அங்கேயும் மேடு தட்டும். வேறு பக்கம் தாவும்.

இப்படித் தாவித் தாவி ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கோசி ஒரு பிரமாண்டமான விசிறி வடிவ நிலத்தை உருவாக்கியிருக்கிறது. 'வண்டல் விசிறி' என்று புவியியலில் சொல்வார்கள். கிட்டத்தட்ட 150 கி.மீ. அகலம். உலகின் மிகப் பெரிய ஆற்று விசிறிகளில் இதுவும் ஒன்று. சுபால், சஹர்சா, மாதேபுரா, அராரியா, பூர்ணியா மாவட்டங்களின் நெல் வயலும், சோள வயலும், ஊர்களும் இந்த விசிறியின் மேல்தான் இருக்கின்றன. அதாவது, மக்கள் குடியிருப்பதே ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணில்தான்.

முதல் வரைபடத்தைப் போட்டது யார்?

நம்பகமான அளவை என்று பார்த்தால் ஜேம்ஸ் ரென்னலில் இருந்து தொடங்கலாம். கிழக்கிந்திய கம்பெனியின் வங்காளப் பகுதிக்கு 1767-ல் சர்வேயர் ஜெனரல் ஆனார். அப்போது அவருக்கு வயது 24! இந்திய நில அளவைத் துறை தன் தொடக்கமாகச் சொல்வதும் இதே 1767-ஐத்தான்.

கம்பெனிக்கு இது கல்விப் பணி இல்லை. வரி வசூலிக்க, படையை நகர்த்த, படகில் சரக்கு கொண்டுபோக ஆறுகள் எங்கே இருக்கின்றன என்று தெரியணும். அதற்காகத்தான் ரென்னலும் அவருடைய ஆட்களும் ஆற்றோரமாகவும் சாலையோரமாகவும் திசைகாட்டி, தூரம் அளக்கும் கருவிகளோடு அலைந்தார்கள். 1766-ல் பூட்டான் எல்லைப் பக்கம் நடந்த ஒரு தாக்குதலில் ரென்னல் வாள்வெட்டு வாங்கி, சாகும் நிலைக்குப் போய்த் திரும்பினார். 

அவர் தயாரித்த வங்காள வரைபடத் தொகுப்பு 1779-ல் இருந்து வெளிவரத் தொடங்கியது. கோசி அதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அதைவிட முக்கியமான விஷயம், கங்கை, பிரம்மபுத்திரா பற்றி 1781-ல் அவர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. கோசி ஒரு காலத்தில் பூர்ணியாவை ஒட்டி ஓடி, ராஜ்மகாலுக்கு எதிரே கங்கையில் கலந்தது; இப்போது சுமார் 45 மைல் மேலே போய்க் கலக்கிறது என்று அவர் பதிவு செய்கிறார். 45 மைல் என்றால் 72 கி.மீ.! 

அதாவது முதல் வரைபடம் போட்டவரே, 'இந்த ஆறு ஏற்கெனவே இடம் மாறியிருக்கு' என்று குறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பரங்கிமலைக்கும் கோசிக்கும் என்ன தொடர்பு?

ரென்னல் முறையில் ஒரு சிக்கல் உண்டு. போகும் பாதையை ஒட்டி அளந்துகொண்டே போனால், சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து பெரிய பிழையாகிவிடும். அதைச் சரிசெய்ய வந்த முறைதான் முக்கோண அளவை.

இது தொடங்கியது நம்ம சென்னையில். 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு வில்லியம் லாம்டன் ஒரு அடிக்கோட்டை அளந்தார். ஒரு கோட்டின் நீளம் துல்லியமாகத் தெரிந்தால், அதன் இரு முனைகளிலிருந்தும் மூன்றாவது புள்ளியைப் பார்த்து கோணத்தை மட்டும் அளந்தால் போதும். மீதித் தூரத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். இப்படி முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே வடக்கே போனார்கள்.

பின்னர் இந்த முக்கோணச் சங்கிலி இமயமலை அடிவாரத்தை எட்டியது. காய்ச்சலில் சர்வே ஊழியர்கள் பலர் இறந்தார்கள். நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. அதனால் 1849-50-ல் வடக்கு பீகார் சமவெளியில் நின்றபடியே தூரத்துச் சிகரங்களுக்குக் கோணம் எடுத்தார்கள். அந்தக் கணக்குகளில் இருந்துதான் ராதாநாத் சிக்தர் உள்ளிட்டோர் எவரெஸ்டின் உயரத்தைக் கண்டறிந்தனர். 1856-ல் அது அறிவிக்கப்பட்டது.

எவரெஸ்ட் கதை எல்லோருக்கும் தெரியும். அதே சட்டகத்தின் மேல்தான் பின்னாளில் இந்தச் சமவெளியின் நிலத்தோற்ற வரைபடங்களும் போடப்பட்டன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 'டோப்போ ஷீட்' என்று சொல்வோமே, அதுதான். ஊர், குளம், சாலை, மேடு பள்ளம், ஆறு என்று எல்லாம் ஒரே தாளில் இருக்கும். 

வரைபடங்களை அடுக்கி வைத்துப் பார்த்தால்?

இங்கேதான் சுவாரஸ்யமே. வெவ்வேறு காலத்து வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், கோசி ஒரே இடத்தில் இல்லை. கிழக்கே பூர்ணியா பக்கம் இருந்த ஆறு, 20-ம் நூற்றாண்டில் மேற்கே சஹர்சா, சுபால் பக்கம் வந்துவிட்டது.

1966-ல் கோலே, சிதலே என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டு, இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று கூடுதலான காலத்தில் கோசி சுமார் 110 கி.மீ. மேற்கே நகர்ந்திருக்கிறது என்றார்கள். பாடப்புத்தகங்கள் வரை இது பரவியது. 'கோசி மேற்கு நோக்கி நகரும் ஆறு' என்பது ஒரு உண்மை மாதிரி ஆகிப்போனது.

ஆனால் 2010-ல் வெளியான ஒரு ஆய்வு, 1760 முதல் 1960 வரையிலான 28 வரைபடங்களை எடுத்து மறுபடி வாசித்தது. கிடைத்த பதில் வேறு. கோசி ஒரே திசையில் சீராக நகரவில்லை. முன்னும் பின்னுமாக, ஊஞ்சல் மாதிரி இடம் மாறியிருக்கிறது என்றது அந்த ஆய்வு.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ரொம்பப் பெரிய வித்தியாசம். ஆறு மேற்கு நோக்கித்தான் போகும் என்றால், மேற்குப் பக்கம் தடுத்தால் போதும். கிழக்கே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ஊஞ்சல் மாதிரி என்றால், கிழக்கே திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு.

பழைய வரைபடங்களை வாசிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

* வரைபடம் அச்சான ஆண்டு வேறு, நிலத்தை அளந்த ஆண்டு வேறு. நடுவில் பல ஆண்டு இடைவெளி இருக்கலாம்.
* பழைய வரைபடத்தைப் பார்த்துப் புதியது போட்டிருக்கலாம். அப்படியானால் அது தனி சாட்சி ஆகாது.
* நில அளவை பெரும்பாலும் மழை இல்லாத மாதங்களில் நடக்கும். தாளில் இருப்பது கோடைக்கால ஆறு.
* பல கிளைகளில் எது 'முதன்மை ஆறு' என்பது அளந்தவர் எடுத்த முடிவு.

இந்தப் பகுதி வரைபடங்களில் 'மரா கோசி' என்று சில ஓடைகளுக்குப் பெயர் இருக்கும். செத்த கோசி என்று அர்த்தம். ஆறு விட்டுப்போன பழைய பாதைகள் இவை.

கரை கட்டியபோது என்ன நடந்தது?

1937-ல் பாட்னாவில் ஒரு வெள்ள மாநாடு நடந்தது. ஆற்றுக்குக் கரை கட்டுவது ஆபத்து என்று அப்போதைய தலைமைப் பொறியாளர் ஹால் வாதிட்டார். வண்டல் உள்ளேயே தங்கும், ஆறு மேடாகும் என்பது இந்தத் தரப்பின் வாதம்.

ஆனால் 1950-களின் வெள்ளங்களுக்குப் பிறகு நிலைமை மாறியது. 1954-ல் இந்தியாவும் நேபாளமும் ஒப்பந்தம் போட்டன. 1955-ல் கரை கட்டும் பணி தொடங்கியது. 1960-களின் தொடக்கத்தில் 56 மதகுகளோடு கதவணையும் வந்தது. இரண்டு பக்கமும் 100 கி.மீ.க்கு மேல் மண் கரை.

நல்ல நோக்கம்தான். லட்சக்கணக்கானோருக்குப் பல ஆண்டுகள் பாதுகாப்பும் கிடைத்தது. ஆனால் 1950-களில் ஆறு எங்கே இருந்ததோ, அந்த ஒரு நாள் படத்தை நிரந்தரமாக்கிய வேலை இது. விசிறியின் மேற்கு ஓரத்தில் ஆறு நிறுத்தப்பட்டது. வண்டல் மட்டும் நிற்கவில்லை. முன்பு 150 கி.மீ. அகலத்துக்குப் பரவிய மண், இப்போது இரண்டு கரைகளுக்கு நடுவே குவிந்தது. கரைக்கு வெளியே இருக்கும் வயலைவிட உள்ளே ஆற்றுப்படுகை சில மீட்டர் உயர்ந்துவிட்ட இடங்கள் உண்டு.

1963-ல் நேபாளத்தின் தல்வாவில் கரை உடைந்தது. 1984-ல் சஹர்சா மாவட்டத்தின் நவ்ஹட்டாவில் உடைந்தது.

2008-ல் ஆறு எங்கே போனது?

2008 ஆகஸ்ட் 18. கதவணைக்குச் சுமார் 12 கி.மீ. மேலே, நேபாளத்தின் குசஹா என்ற இடத்தில் கிழக்குக் கரை உடைந்தது. அன்று ஆற்றில் வந்த தண்ணீர் சுமார் 1.44 லட்சம் கன அடி. கதவணையும் கரைகளும் 9.5 லட்சம் கன அடியைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அதாவது, பெரிய வெள்ளமே இல்லாத ஒரு நாளில் உடைந்திருக்கிறது.

ஆற்றின் பெரும்பகுதி பழைய படுகையை விட்டுவிட்டுக் கிழக்கே திரும்பியது. சில இடங்களில் சுமார் 120 கி.மீ. தள்ளிப் போனது. சுமார் 15 முதல் 20 கி.மீ. அகலத்துக்குத் தண்ணீர் பரவியது. பீகாரில் மட்டும் 30 லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள்.

எந்த வழியாகப் போனது தெரியுமா? பழைய வரைபடங்களில் ஏற்கெனவே கோடாக இருந்த, கோசி எப்போதோ கைவிட்ட தாழ்வான ஓடைகள் வழியாக. அங்கே வாழ்ந்தவர்களில் பலர் வெள்ளத்தையே பார்க்காத தலைமுறை. படகு இல்லை, மேடான இடம் எது என்று தெரியாது. 'கரை இருக்கு, ஆறு அந்தப் பக்கம்' என்று ஐம்பது ஆண்டுகளாக நம்பியவர்கள். 2009 தொடக்கத்தில் உடைப்பை அடைத்து, ஆற்றைப் பழையபடி கரைகளுக்குள் கொண்டுவந்தார்கள்.

டோப்போ ஷீட் இருந்தும் ஏன் முன்பே தெரியவில்லை?

இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. டோப்போ ஷீட்டில் மேடு பள்ளத்தைக் காட்டுவது சமஉயரக் கோடுகள். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு அது. மலைப்பகுதியில் இது அருமையாக வேலை செய்யும். ஆனால் கோசி விசிறி கிட்டத்தட்ட தட்டையான நிலம். கீழ்ப்பகுதியில் ஒரு கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான் சரிவு.

ஒரு சின்ன கணக்கு. கிலோமீட்டருக்கு 20 செ.மீ. சரிவு என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு என்றால், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே 100 கி.மீ. இருக்கும்! ஒரு முழு மாவட்டத்திலும் ஒரு கோடுகூட வராமல் போகலாம். ஆற்றுக்கோ அரை மீட்டர் பள்ளம் போதும்.

அதனால்தான் இங்கே உயரத்தைவிட, பழைய ஓடைகளின் கோடுகள் முக்கியத் தடயமாகின்றன. இன்று செயற்கைக்கோள் படமும் உயரத் தரவும் கூடவே இருக்கின்றன. பழைய வரைபடத்தை அவற்றோடு பொருத்தினால், ஆறு அடுத்து எந்தப் பக்கம் பாய வாய்ப்பு அதிகம் என்று ஊர் அளவில் சொல்ல முடியும்.

நில அளவையில் என்ன பிரச்சினை?

கோசியின் இரண்டு கரைகளுக்கு நடுவிலும் 300-க்கும் மேற்பட்ட கிராமங்கள் இருக்கின்றன. பல லட்சம் பேர். கரை கட்டும்போது உள்ளே மாட்டிக்கொண்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் இவர்கள். ஆறு இடம் மாறும்போதெல்லாம் இவர்களும் வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள்.

நம்ம ஊரில் பட்டா, புலப்படம் மாதிரி, இவர்களிடம் இருப்பது நூறு வருடத்துக்கு முந்தைய அளவையின் பதிவுகள். அந்தப் பதிவில் வயலாக இருக்கும் இடத்தில் இன்று ஆறு ஓடுகிறது. அன்று ஆறாக இருந்த இடம் இன்று மணல் மேடு. இப்போது புதிதாக அளக்கும்போது 'ஆறு' என்று குறிக்கப்படும் நிலம் அரசு நிலமாகப் பதிவாகிவிடுமோ என்பதுதான் இந்த விவசாயிகளின் பயம். ஆறு தின்ற நிலத்துக்கும் வரி கேட்கிறார்கள் என்பது ஏற்கெனவே இருக்கும் நீண்ட காலப் புகார்.

யோசித்துப் பாருங்கள். அடுத்த வெள்ளத்தில் ஆறு அரை கிலோமீட்டர் தள்ளிப் போனால், இன்று நிலத்தை இழந்தவரின் வயல் தண்ணீரிலிருந்து வெளியே வரும். ஆனால் காகிதத்தில் அது அவருடையதாக இருக்காது. சர்வேயர் எந்த ஆண்டு வந்தார் என்பதை வைத்து ஒரு குடும்பத்தின் சொத்து முடிவாவது நியாயமா என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு நாள் படத்தை மட்டும் பார்க்காமல், பழைய அளவைகளையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கோசி-மேச்சி திட்டத்தில் என்ன கவனிக்கணும்?

கதவணையிலிருந்து கிழக்கே போகும் கால்வாயை மேம்படுத்தி, மேச்சி ஆறு வரை, அதாவது சுமார் 117 கி.மீ. தூரம் வரை நீட்டிப்பதுதான் திட்டம். அராரியா, பூர்ணியா, கிஷன்கஞ்ச், கட்டிஹார் மாவட்டங்களில் கூடுதலாக 2.10 லட்சம் ஹெக்டேருக்குப் பாசனம் கிடைக்கும் என்கிறது மத்திய அரசு. 2029 மார்ச்சில் முடிக்க இலக்கு.

பாசனம் தேவைதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு விஷயம்: விசிறியின் பழைய ஓடைகள் வடக்கிலிருந்து தெற்கே போகின்றன. கால்வாய் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. அப்போ வழியில் இருக்கும் 'செத்த' ஓடைகளை அது குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும். 2008 வெள்ளத்தில் இதே கிழக்குக் கால்வாய் பல இடங்களில் சேதமானது. கால்வாய்க் கரை வெள்ளத்தை எங்கே தேக்கும், எங்கே வழிவிடும் என்று ஓடை ஓடையாகப் பார்க்கணும். இன்னொரு கேள்வி, 6 லட்சம் கன அடி வரும் நாளில் ஒரு பாசனக் கால்வாயால் எவ்வளவு தண்ணீரைத் திருப்ப முடியும் என்பது. வெள்ளத் தடுப்பு என்ற பெயரில் இதைப் பேசும்போது அந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

ரென்னலின் வரைபடங்கள் இன்று இணையத்தில் யாரும் பார்க்கலாம். 2021 பிப்ரவரியில் வரைபடத் தரவு தொடர்பான கட்டுப்பாடுகளை மத்திய அரசு பெரிய அளவில் தளர்த்தியது. அதனால் பழைய ஓடைகளை ஊர் பெயரோடு குறித்த ஒரு வெள்ள அபாய வரைபடத்தை, அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் அளவுக்கு எளிமையாகத் தயாரிப்பது முடியாத காரியம் இல்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வெள்ள நிவாரண மேடு எங்கே கட்டலாம் என்று முடிவெடுக்கும் முன் அதை ஒருமுறை பார்க்கலாம்.

கரைக்கு வெளியே, பூர்ணியாவிலோ மாதேபுராவிலோ ஒரு குடும்பம் புது வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது, 'இது மரா கோசி ஓடின இடமா?' என்று கேட்டால், கையில் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில் 1781-ல் இருந்தே காகிதத்தில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து அந்தக் குடும்பத்திடம் கொண்டுசேர்க்கும் வேலைதான் பாக்கி.